ஆயுளுக்கு அளந்த குத்தகை

சிங்கப்பூரில் முதியவர் ஒருவர் குறுகிய காலக் குத்தகையில் அரசு வீடு வாங்கப் போனால் முதல் கணக்கு 95 என்ற எண்ணிலிருந்து தொடங்குகிறது. 95இலிருந்து அவருடைய வயதைக் கழித்தால் வருவது, அவர் குறைந்தது எத்தனை ஆண்டுகளுக்கு வீட்டை வாங்கவேண்டும் என்ற அளவு. வயது 65 என்றால் 30 ஆண்டு. 80 என்றால் 15 போதும். தம்பதியாக வாங்கினால் இருவரில் இளையவரின் வயதுதான் கணக்குக்கு வரும். குத்தகை 15 ஆண்டு முதல் 45 ஆண்டு வரை, ஐந்தைந்து ஆண்டுகளாகக் கூட்டி விற்கப்படுகிறது. வாங்கிய வீட்டை வெளியே விற்க முடியாது. வேண்டாமென்றால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடமே, அதாவது அங்குள்ள தமிழர்கள் சுருக்கமாக வீவக என்று சொல்லும் கழகத்திடமே, திருப்பிக் கொடுத்துவிட்டு மிஞ்சிய ஆண்டுகளுக்கான மதிப்பைப் பெற்றுக்கொள்ளவேண்டும்.

வீடு என்றால் பேரன் காலத்துக்கும் நிற்கவேண்டியது என்று நினைத்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு முதலில் நெருடத்தான் செய்யும். ஒரு மனிதர் இன்னும் எத்தனை ஆண்டு இருப்பார் என்று அரசாங்க அலுவலகம் ஒன்று எண்ணிப் பார்ப்பதா? எனக்கும் நெருடியது. ஆனால் முதியோருக்குக் கட்டுப்படியாகும் வீட்டை ஒரு நகரம் எப்படித் தரமுடியும் என்ற கேள்வியோடு இந்தத் திட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்தபோது என் எண்ணம் மாறியது. விலையைக் குறைக்கப் பல நகரங்கள் சுவர்களை நெருக்குகின்றன, அல்லது ஊருக்கு வெளியே தள்ளிக் கட்டுகின்றன. சிங்கப்பூர் காலத்தை நறுக்கியது. முதியவருக்குத் தேவைப்படாத ஆண்டுகளின் விலையை அவரிடமிருந்து வாங்காமல் விட்டது. இந்த ஒரு யோசனையிலிருந்து கிளைத்தவைதான் அங்குள்ள பெரும்பாலான முதியோர் வீட்டுத் திட்டங்கள். அவை எங்கே தடுமாறுகின்றன என்பதையும் இதே யோசனைதான் காட்டிக்கொடுக்கிறது.

ஆண்டுகளை நறுக்கி விற்க, நிலம் கையில் இருக்கவேண்டும். வீவக 1960 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு மே 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீயில் பற்றிய தீ சுமார் 16,000 பேரின் குடிசைகளைத் தின்றது. அவர்களுக்கு அவசரமாகக் கட்டிய அடுக்குமாடிகளோடுதான் கழகத்தின் பெயர் மக்கள் மனத்தில் ஊன்றியது. 1964இல் சொந்த வீட்டுத் திட்டம் வந்தது. 1966இன் நிலம் கையகப்படுத்தும் சட்டம் தனியார் நிலத்தை அரசு எடுத்துக்கொள்வதை எளிதாக்கியது. இன்று தீவின் நிலத்தில் சுமார் 90 விழுக்காடு அரசுடையது. 1968இல் கட்டாய ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதியிலிருந்து வீட்டுத் தவணை கட்ட அனுமதி கிடைத்ததும், தொழிலாளிகளும் எழுத்தர்களும் ஆசிரியர்களும் வீட்டுக்காரர்களானார்கள். இப்போது அங்கே குடியிருப்போரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் வீவக வீடுகளில் வாழ்கிறார்கள். ஆனால் அவர்கள் வாங்கியது 99 ஆண்டுக் குத்தகை. நிலம் என்றுமே அரசைவிட்டுப் போகவில்லை. எனவே, ஒரு வீட்டை 99 ஆண்டுக்கு விற்பதா, 30 ஆண்டுக்கு விற்பதா என்பது கழகத்துக்குக் கணக்குப் புத்தகத்தில் எழுதும் எண் மட்டுமே. நிலத்தைத் தனியாரிடம் விலைக்கு வாங்கவேண்டிய ஒரு நகராட்சிக்கு இந்த வசதி கிடையாது.

அன்று இளம் தம்பதிகளாகச் சாவி வாங்கியவர்கள் இன்று கைத்தடி ஊன்றுகிறார்கள். 2014இல் சிங்கப்பூர்க் குடிமக்களில் 65 வயதைத் தாண்டியவர்கள் 12.4 விழுக்காடு. 2024இல் 19.9. 2030இல் நான்கில் ஒருவர் என்ற நிலை வரும். இவர்களில் பலருக்கு வீடு இருக்கிறது, கையில் காசு இல்லை. வாழ்நாள் சேமிப்பு முழுவதும் சுவருக்குள் இருக்கிறது.

அந்தச் சுவர்களும் முதுமையை எண்ணிக் கட்டப்பட்டவை அல்ல. பழைய அடுக்குமாடி புளோக்குகளில் மின்தூக்கி சில மாடிகளில் மட்டும் நிற்கும். மற்ற மாடிக்காரர்கள் அங்கே இறங்கி, மிச்சப் படிகளை நடந்து கடக்கவேண்டும். முப்பது வயதில் அது ஒரு பொருட்டே இல்லை. எழுபத்தைந்தில் அந்தப் படிகள்தாம் ஒருவர் வெளியே போவாரா, வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பாரா என்று தீர்மானிக்கின்றன. 2001இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் ஆயிரக்கணக்கான புளோக்குகளில் எல்லா மாடியிலும் மின்தூக்கி நிற்க வழிசெய்தது. செலவில் பெரும்பங்கை அரசே ஏற்றது. அமைப்பு இடம் கொடாததாலும் செலவு மிகுந்ததாலும் சுமார் 150 புளோக்குகள் விடுபட்டன. அங்கே வாழும் நடமாட முடியாதவர்கள் வேறு வீட்டுக்கு மாற, 30,000 சிங்கப்பூர் வெள்ளி வரை தரும் மானியம் 2020இல் வந்தது. குளியலறையில் கைப்பிடிக் கம்பியும் வழுக்காத தரையும் வாசலில் சாய்தளமும் அமைத்துத் தரும் திட்டம் 2012இலிருந்து நடக்கிறது. குடிமக்களுக்கு அதன் செலவில் 95 விழுக்காடு வரை கழிவு உண்டு. இவையெல்லாம் செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு வராத வேலைகள். ஆனால் முதியோருக்குப் புதிய வீடு கட்டுவதைவிட, இருக்கும் வீட்டில் அவர்கள் வழுக்கி விழாமல் பார்த்துக்கொள்வது முதற்கடமை என்பதில் எனக்கு ஐயமில்லை.

முதியோருக்கென்றே கட்டிய முதல் வீடுகள் 1998இல் வந்தன. 55 வயதைக் கடந்தவர்களுக்கு, 30 ஆண்டுக் குத்தகையில், 35 அல்லது 45 சதுர மீட்டர் அளவுள்ள சிற்றறை வீடுகள் அவை. ஆபத்தில் இழுக்க ஓர் அபாயமணிக் கயிறு, சக்கர நாற்காலி நுழையும் கதவு, கைப்பிடிகள் எல்லாம் பொருத்தியே கொடுத்தார்கள். 2015இல் இவற்றை ஈரறை வீடுகளோடு சேர்த்து ‘ஈரறை ஃபிளெக்ஸி’ என்று பெயர் மாற்றினார்கள். ஒரே புளோக்கில் இளம் குடும்பம் 99 ஆண்டுக்கும் மூத்த தம்பதி 30 ஆண்டுக்கும் வாங்கலாம் என்று ஆனது. இந்த இணைப்பை நான் பெரிதாக மதிக்கிறேன். அதற்கு முன் ‘இது கிழவர் புளோக்’ என்று விரல் நீட்ட முடிந்தது. இப்போது எந்தக் கதவுக்குப் பின்னால் 30 ஆண்டுக் குத்தகை இருக்கிறது என்று தாழ்வாரத்தில் நடப்பவருக்குத் தெரியாது.

விரல் நீட்டியவர்கள் இருந்தார்கள் என்பதும் பதிவாக வேண்டும். 2012இல் புக்கிட் தீமாவை அடுத்த தோ யீ பேட்டையில், விளையாட்டுத் திடல் இருந்த இடத்தில் முதியோர் சிற்றறை வீடுகள் வரப்போகின்றன என்றதும் குடியிருப்பாளர்கள் எதிர்த்தார்கள். அதே ஆண்டு உட்லண்ட்சில் புளோக்கின் கீழ்த்தளத்தில் முதியோர் பராமரிப்பு நிலையம் வேண்டாமென்றும், பீஷானில் தாதிமை இல்லம் வேண்டாமென்றும் குரல்கள் எழுந்தன. திடல் போகிறதே, நெரிசல் கூடுமே, வீட்டு விலை இறங்குமே என்று பல காரணங்கள். எதிர்த்தவர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. சேமிப்பு முழுவதையும் வீட்டில் வைக்கச் சொன்ன நாட்டில் வீட்டு விலையைப் பற்றிய அச்சம் இயல்பானது. அரசு கேட்டது, சில மாற்றங்கள் செய்தது, திட்டங்களைக் கைவிடவில்லை. முதியோர் வீடுகளை விரிவாக்க ஒரு நகரம் தரும் ஆதரவு என்றால் பணத்தைப் போலவே இந்த உறுதியும் அதில் சேர்த்தி. பேட்டைக்குள் இடம் கொடுக்கத் துணியாத நகரம் எத்தனை கோடி ஒதுக்கினாலும் அந்த வீடுகள் ஊர் எல்லைக்குத்தான் போய்ச் சேரும்.

அந்த உறுதி கட்டடமாக எழுந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. உட்லண்ட்சில் அட்மிரல்டி ரயில் நிலையத்தை ஒட்டி, ஒரு ஹெக்டேருக்கும் சற்றுக் குறைந்த நிலத்தில் நிற்கிறது கம்போங் அட்மிரல்டி. கம்போங் என்றால் மலாயில் சிற்றூர். பழைய சிங்கப்பூர்த் தமிழர் வாயில் அது கம்பம். அட்மிரல்டி என்ற பெயர் பிரிட்டிஷ் கடற்படையிலிருந்து வந்தது. அருகிலுள்ள செம்பவாங்கின் கடற்படைத் தளத்தில் தமிழ், மலையாளத் தொழிலாளர்கள் ஏராளமாக வேலை செய்தார்கள், அதன் குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள். 1971இல் பிரிட்டிஷ் படைகள் விலகியதும் அந்த வாழ்க்கை கலைந்தது. தீவின் வடக்கு முனையில் மூப்படைந்த தமிழர்களுக்கு இந்தப் பெயரின் இரண்டு பாதிகளும் தெரிந்தவைதாம்.

‘வோஹா’ என்ற கட்டடக்கலை நிறுவனம் இதை அடுக்குகளாக வரைந்தது. தரையில் கூரையிட்ட பெரிய சதுக்கம். அதன் மேல் ஏறத்தாழ 900 பேர் அமரும் உணவங்காடி நிலையம். அதற்கும் மேலே, சிறு அறுவை சிகிச்சைகூடச் செய்துகொள்ளக்கூடிய மருத்துவ நிலையம். உச்சியில் படிப்படியாக ஏறும் பூங்கா, அதில் குடியிருப்பாளர்கள் பயிரிடும் தோட்டம். முதியோர் நிலையமும் குழந்தைப் பராமரிப்பு நிலையமும் அருகருகே. இவற்றோடு 11 மாடி உயரத்தில் இரண்டு புளோக்குகள், மொத்தம் 104 வீடுகள். வீட்டு வாசல்கள் ஒன்றையொன்று நோக்கும் இடத்தில் சிறு இருக்கைகள் போட்டிருக்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசுவதற்காக. 2018 மே மாதம் அதிகாரபூர்வமாகத் திறந்த இந்தக் கட்டடம் அதே ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் நடந்த உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடம் என்ற விருதைப் பெற்றது.

விருதைவிட எனக்கு வியப்பைத் தருவது இதைக் கட்டிய முறை. வீடு ஒரு துறை, மருத்துவம் ஒரு துறை, சந்தை ஒரு துறை, பூங்கா ஒரு துறை. ஒவ்வொன்றும் தன் நிலத்தில் தன் பணத்தில் தனியே கட்டுவதுதான் எந்த அரசாங்கத்திலும் வழக்கம். வீவக தலைமையேற்று இவை எல்லாவற்றையும் ஒரே மனைக்குள் கொண்டுவந்தது. யார் எந்த மின்கட்டணத்தைக் கட்டுவது, எந்தத் தளத்தை யார் கூட்டிப் பெருக்குவது என்பது வரை பேசி முடித்தால்தான் இப்படி ஒரு கட்டடம் எழும். முழங்கால் வலியுள்ள ஒரு பாட்டிக்கு அதன் பலன் இதுதான்: மருந்து வாங்கவும் இடியப்பமோ கஞ்சியோ சாப்பிடவும் தோழியைப் பார்க்கவும் அவர் சாலையைக் கடக்கவேண்டாம், மழையில் நனையவேண்டாம். 104 வீடுகள் ஒரு நகரத்தின் தேவைக்கு மிகச் சொற்பம் என்று சொல்வோர் உண்டு. எண்ணிக்கை சொற்பம்தான். ஆனால் சதுக்கத்திலும் உணவங்காடியிலும் மருத்துவ நிலையத்திலும் நுழைபவர்கள் அந்த 104 வீட்டுக்காரர்கள் மட்டும் இல்லை. சுற்றியுள்ள பேட்டைகளில் பழைய வீட்டிலேயே மூப்படையும் ஆயிரக்கணக்கானோருக்கும் அது முற்றம்.

பழைய வீட்டை விட்டு நகர விரும்பாதவர்களுக்கு என்ன வழி? காலத்தை நறுக்கும் யோசனை இங்கே தலைகீழாகச் செயற்படுகிறது. 2009இல் வந்த குத்தகையைத் திரும்ப வாங்கும் திட்டத்தில், முதியவர் தம் வீட்டுக் குத்தகையின் கடைசி ஆண்டுகளை வீவகவுக்கு விற்கிறார். 70 வயதான ஒருவரின் வீட்டில் இன்னும் 65 ஆண்டு மிச்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் 25 ஆண்டைத் தமக்கு வைத்துக்கொண்டு 40 ஆண்டைக் கொடுத்துவிடலாம். கிடைக்கும் பணம் முதலில் அவருடைய மத்திய சேமநிதி ஓய்வுக்காலக் கணக்கை நிரப்புகிறது. அங்கிருந்து ஆயுள் முழுவதும் மாத வருமானமாக வருகிறது. மூவறை வீடோ அதற்கும் சிறியதோ என்றால் 30,000 வெள்ளி வரை ஊக்கத்தொகையும் உண்டு. அதே வீடு, அதே அண்டைவீட்டார், அதே காப்பிக்கடை.

தொடக்கத்தில் சிறிய வீடுகளுக்கு மட்டும் இருந்த இந்தத் திட்டம் 2015இல் நாலறை வீடுகளுக்கும் 2019இல் எல்லா வீவக வீடுகளுக்கும் விரிந்தது. முதல் ஆண்டுகளில் சேர்ந்தவர்கள் மிகக் குறைவு. காரணம் புரியக்கூடியதே. பிள்ளைகளுக்கு என்று வைத்திருந்த ஆண்டுகளை விற்றுச் சாப்பிடுவதா என்ற தயக்கம் சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாருக்கும் பொது. பிள்ளைகளோ இன்னொரு பக்கம் மாதாமாதம் பெற்றோருக்குப் பணம் கொடுக்கத் திணறிக்கொண்டிருப்பார்கள். பெற்றோரைப் பராமரிக்கும் கடமையை 1995இலேயே சட்டமாக்கிய நாடு அது. பிற்காலத்தில் கிடைக்கும் வீட்டுக்காக இன்று தந்தை மருந்தைக் குறைத்துக்கொள்வதை எந்தப் பிள்ளையும் விரும்பாது என்றுதான் நம்புகிறேன். ஆனால் இதைப் பிள்ளைகள் வாயைத் திறந்து சொன்னால்தான் பெற்றோர் கையெழுத்துப் போடுவார்கள்.

தமிழர் குடும்பங்களுக்கு இதில் தனிப்பட்ட ஒரு பொருத்தமும் உண்டு. 1989இலிருந்து நடப்பில் உள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்தாருக்கும் உச்சவரம்பு இருக்கிறது. ஒரு புளோக்கில் சீனர்களுக்கான அளவு நிரம்பிவிட்டால், அங்கே வீடு வைத்திருக்கும் தமிழர் அதைச் சீனருக்கு விற்க முடியாது. நாட்டின் மிகப் பெரிய வாங்குவோர் கூட்டம் அவருக்கு அடைபட்டுப் போகிறது. விலை குறைகிறது, மாதங்கள் கழிகின்றன. இனங்கள் தனித்தனிச் சேரிகளாகப் பிரியாமல் காத்த கொள்கை அது. அதன் நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் பெரிய வீட்டை விற்றுச் சிறியதற்கு மாறி, மிச்சத்தில் முதுமையைக் கழிக்கத் திட்டமிட்ட ஒரு தமிழ்த் தம்பதிக்கு அந்த விலைக்குறைவு ஓய்வூதியக் குறைவாகவே வந்து சேரும். 2022இல் அரசு இதை ஏற்றுக்கொண்டு, விற்க முடியாமல் தவிப்போரின் வீட்டைத் தகுந்த விலைக்கு வீவகவே வாங்கிக்கொள்ள வழிசெய்தது. குத்தகை ஆண்டுகளைத் திரும்ப விற்பதிலோ வெளியாரைத் தேடவேண்டிய தேவையே இல்லை. வாங்குவது கழகம்தான்.

இந்தக் கணக்குகள் சில நேரம் முதியோரைக் கலங்கவும் வைத்திருக்கின்றன. 2022 ஏப்ரலில் அங் மோ கியோவில் நான்கு பழைய புளோக்குகளின் 606 வீடுகளை இடித்துக் கட்டுவதற்காக எடுத்துக்கொள்வதாக அறிவிப்பு வந்தது. பழைய வீட்டுக்குக் கிடைக்கும் ஈட்டுத்தொகை, அதே அளவுள்ள புதிய 99 ஆண்டு வீட்டுக்குப் போதாது என்று தெரிந்ததும் மூத்தோர் பலர் பதறினார்கள். எழுபது வயதில் கைக்காசு போட்டு 99 ஆண்டு வாங்கி என்ன செய்வது? அவர்கள் கேட்டது மிக நியாயமான கேள்வி. சில மாதங்களில் 50 ஆண்டுக் குத்தகை என்ற தெரிவு கொடுக்கப்பட்டது. காலத்தை நறுக்கும் வழி கழகத்தின் கையிலேயே இருந்தும், அதை முதல்நாளே மேசையில் வைக்காதது பிழை என்பது என் கருத்து. இன்னும் பத்து, இருபது ஆண்டுகளில் இப்படி முதிரப்போகும் புளோக்குகள் ஏராளம்.

2021 பிப்ரவரியில் புக்கிட் பாத்தோக்கில் அறிமுகமான சமூகப் பராமரிப்பு வீடுகள் இந்த யோசனையின் அடுத்த அடி. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு, 32 சதுர மீட்டர் வீடு. அதோடு பிரிக்க முடியாதபடி ஓர் அடிப்படைச் சேவைத் தொகுப்பு: 24 மணி நேர அவசர உதவி, உடல்நலச் சோதனை, குழாய் ஒழுகினால் சரிசெய்ய ஆள், எல்லாவற்றையும் ஒருங்கிணைக்க ஒரு நிர்வாகி. ஒவ்வொரு மாடியிலும் பொதுவான உணவு மேசையும் அமருமிடமும் உண்டு. முதல் தொகுதியில் 15 ஆண்டுக் குத்தகையின் விலை ஏறத்தாழ 40,000 வெள்ளி, அதற்குரிய சேவை ஏறத்தாழ 22,000. 35 ஆண்டுக்கு முறையே 65,000, 52,000. இந்த இரண்டு வரிசைகளை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும்: குத்தகை நீள நீள, சுவரின் விலை மெல்ல ஏறுகிறது, பராமரிப்பின் விலை அதைவிட வேகமாக ஏறி அதை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறது. முதியோர் வீட்டின் உண்மையான செலவு கான்கிரீட்டில் இல்லை, மணியடித்தால் ஓடிவரும் மனிதரில் இருக்கிறது. வீட்டுக்கு மட்டும் மானியம் தந்துவிட்டுப் பராமரிப்பை மறக்கும் நகரங்கள் பாதிப் பாலம்தான் கட்டுகின்றன. புக்கிட் பாத்தோக்கின் 169 வீடுகளுக்கு அதைப்போலப் பல மடங்கு விண்ணப்பங்கள் வந்தன. பிறகு குவீன்ஸ்டவுனிலும் பிடோக்கிலும் இதேபோன்ற வீடுகள் விற்பனைக்கு வந்தன.

இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. நறுக்க ஏதேனும் இருக்கவேண்டும். விற்க ஒரு வீடு, அல்லது சேமநிதியில் ஒரு தொகை. மணமுறிவிலோ கடனிலோ நோயிலோ வீட்டை இழந்தவர்கள், வாழ்நாள் முழுவதும் கூலிக்குத் துப்புரவு செய்து சேமநிதியில் எதுவும் சேராதவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களுக்கு வாடகை வீடு உண்டு. நீண்ட காலமாக, குடும்ப மாத வருமானம் 1,500 வெள்ளிக்கு மேல் போகக்கூடாது என்பது அதற்கான அளவுகோலாக இருந்தது. மிகக் குறைந்த வருமானம் உள்ளவருக்கு ஓரறை வீட்டின் மாத வாடகை 26 வெள்ளியிலிருந்து தொடங்குகிறது. உலகின் விலையுயர்ந்த நகரங்களில் ஒன்றில் இந்த வாடகை பெரிய ஆதரவு. அதை அப்படியே சொல்லவேண்டும்.

அந்த ஓரறை வீட்டின் பரப்பு ஏறத்தாழ 33 சதுர மீட்டர். துணையோ பிள்ளையோ இல்லாத தனியாள் அதில் தனியே குடியேற முடியாது. இன்னொரு தனியாளோடு பகிர்ந்தே வாழவேண்டும். முன்பின் அறியாத இரண்டு முதியவர்கள், ஒரு சமையற்கட்டு, ஒரு கழிப்பறை. ஒருவர் இரவு பத்து மணிக்கு விளக்கை அணைக்க விரும்புவார், மற்றவர் தொலைக்காட்சியோடுதான் உறங்குவார். சேமிப்புள்ள மூத்தவர் சமூகப் பராமரிப்பு வீட்டில் தமக்கென்றே பெறும் இடமும், ஒன்றுமில்லாத இருவர் பகிர்ந்துகொள்ளும் இடமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. இந்த இரண்டு எண்களையும் பார்த்த பிறகு என்னால் நகர முடியவில்லை.

கழகம் இதைக் கவனிக்காமல் இல்லை. படுக்குமிடங்களுக்கு நடுவே தடுப்பு எழுப்பினார்கள். 2021 இறுதியில், துணையைத் தாமே தேடி அலையாமல் தனியாட்கள் தனித்தனியே விண்ணப்பிக்கலாம், பொருத்தமானவரோடு சேர்த்துவைப்பதைச் சமூகசேவை நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளும் என்ற முன்னோட்டத் திட்டம் வந்தது. புக்கிட் தீமாவில் பழைய மாணவர் விடுதியொன்றை, தனி அறையும் பொதுச் சமையலறையும் பொதுக் குளியலறையும் கொண்ட வாடகை இல்லமாக மாற்றும் முயற்சி தொடங்கியது. பகிர்வது சமையலறையாகலாம், குளியலறையாகலாம். கதவைச் சாத்தினால் உள்ளே தாம் மட்டும் இருக்கலாம். எழுபது வயதில் ஒருவருக்கு அது எவ்வளவு பெரிது என்று, சொந்த வீட்டில் தாழ்ப்பாள் போட்டு உறங்கும் நமக்குச் சட்டென்று பிடிபடாது. அந்த விடுதி அறைகளைப் போல எத்தனை அறைகள் இனி எழும் என்பதைத்தான் நான் எண்ணிக்கொண்டிருப்பேன். 95இலிருந்து கழிக்கும் கணக்கில் அந்த அறைக்காரர்களுக்கு இன்னும் இடமில்லை.